குழந்தைகள் நலக் குழுவின் கோப்பு: பெற்றோர் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் "கோப்பு ரகசியம், காட்ட முடியாது" என்ற ஒற்றை வரியோடு வாசலிலிருந்தே திருப்பி அனுப்புகிறார்கள். இப்படித் திரும்பும் தாய் தந்தையருக்காக இந்தக் கேள்வி பதில்கள். தமிழ்நாட்டில் குழந்தைகள் நலக் குழு (பலரும் சொல்வது சி.டபிள்யூ.சி; பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுப்பது), மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, இல்லங்கள், இளைஞர் நீதிக் குழுமம் (குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளின் வழக்கை விசாரிப்பது) ஆகிய இடங்களில் இருக்கும் ஆவணங்களைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். அடிப்படைச் சட்டம் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. அதற்கு மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளும், தமிழ்நாட்டின் 2017 விதிகளும் உண்டு.

என் பிள்ளையைப் பற்றி என்னென்ன காகிதங்கள் இருக்கும்? எந்த அலுவலகத்தில் இருக்கும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் "எல்லா ஆவணமும் வேண்டும்" என்று மனு எழுதினால், மறுப்பவர்களுக்குத்தான் வசதி. ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளையைக் குழுவின் முன் கொண்டுவந்தவர் (காவலர், 1098 குழந்தைகள் உதவி எண்ணின் பணியாளர், ஆசிரியர், யாராக இருந்தாலும்) ஒரு முன்னிலைப்படுத்தல் அறிக்கை கொடுத்திருப்பார். மீட்ட 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். பிள்ளை எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எங்கிருந்து அழைத்துவரப்பட்டது என்பது இதில்தான் தெரியும். பிறகு குழு பிறப்பித்த இடைக்கால ஆணை, அதாவது எந்த இல்லத்தில், எவ்வளவு காலத்துக்கு என்பது. அடுத்து சமூக விசாரணை அறிக்கை: உங்கள் வீடு, வருமானம், குடும்பத்தில் யார் யார், குடிப்பழக்கம், அடி உதை, பள்ளிக்குப் போனதா என்று ஒரு சமூகப் பணியாளர் விசாரித்து எழுதுவது. மத்திய மாதிரி விதிகளில் இது படிவம் 22. அதன் பிறகு தனிநபர் பராமரிப்புத் திட்டம், படிவம் 7. கடைசியாக இறுதி ஆணை.

ஆணைகள் குழுவிடம் இருக்கும். விசாரணை அறிக்கையின் நகல் பெரும்பாலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் இருக்கும். மருத்துவக் குறிப்பு, பள்ளிக் குறிப்பு, அன்றாடப் பதிவு ஆகியவை இல்லத்தில் பிள்ளையின் பெயரில் உள்ள தனிக் கோப்பில் இருக்கும். ஒரே மனுவோடு மூன்று இடத்துக்கும் அலையாமல், எந்தக் காகிதம் எங்கே என்று பிரித்து எழுதிக்கொள்வது நல்லது.

"சட்டப்படி ரகசியம், பெற்றோருக்கும் தர முடியாது" என்கிறார்கள். சரிதானா?

பாதி சரி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் முழுக் கதவையும் சாத்துகிறார்கள்.

அவர்கள் சொல்வது சட்டத்தின் 99-ஆம் பிரிவை. குழந்தையைப் பற்றிக் குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ பரிசீலிக்கும் அறிக்கைகள் அனைத்தும் ரகசியமாகக் கருதப்பட வேண்டும் என்று அது தொடங்குவது உண்மை. ஆனால் பிரிவு அங்கே முடியவில்லை. தகுந்ததெனக் கருதினால் அந்த அறிக்கையின் சாரத்தைக் குழந்தைக்கோ, பெற்றோருக்கோ, பாதுகாவலருக்கோ தெரிவிக்கலாம் என்றும், அதில் சொல்லப்பட்ட விஷயம் குறித்துச் சாட்சியம் அளிக்க அவர்களுக்கு வாய்ப்புத் தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஊரார், பத்திரிகைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் யாரையும் அங்கே குறிப்பிடவில்லை. பெற்றோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் நீங்கள் அந்நியர் அல்ல.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்தப் பிரிவு ரகசியம் என்று சொல்வது அறிக்கைகளை. குழு பிறப்பிக்கும் ஆணை அறிக்கை அல்ல. இரண்டாவது, 99-இன் இரண்டாம் உட்பிரிவு: பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய வழக்குக் கோப்பு, ஆணைகள், தொடர்புடைய காகிதங்கள் எதையும் மறுக்கக் கூடாது, இந்தச் சட்டத்தில் வேறு எது சொல்லியிருந்தாலும். பாதிக்கப்பட்டது உங்கள் பிள்ளை என்றால், பிள்ளையின் சார்பில் நீங்கள் இந்த உட்பிரிவை எடுத்துக்காட்டிக் கேட்கலாம்.

இதோடு 3-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துடையது, இல்லத்தில் வைப்பது கடைசி வழி, நீதித்துறை நிலையில் செயல்படும் எல்லா அமைப்பும் இயற்கை நீதியைப் பின்பற்ற வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. "நீ தகுதியில்லாத தாய்" என்று ஒரு அறிக்கை சொல்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தாய்க்கே தெரியாது. அவள் பதில் மட்டும் சொல்ல வேண்டும். இதை நியாயமான விசாரணை என்று எவராலும் சொல்ல முடியாது.

சாரத்தை வாயால் சொன்னால் போதுமா? நகலே கேட்கலாமா?

கேளுங்கள். குழு தர மறுக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டது பதிவில் இருக்க வேண்டும்.

சாரம் மட்டும் போதுமா என்ற இதே கேள்வி ஸ்காட்லாந்திலிருந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே குழந்தைகள் விசாரணை மன்றம் சமூகப் பணியாளரின் அறிக்கைகளைப் படித்துவிட்டு, சாரத்தை மட்டும் பெற்றோரிடம் வாய்மொழியாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. பிள்ளையைப் பிரிந்த பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். முக்கியமான ஆவணங்களைப் பெற்றோருக்குக் காட்டாதது நியாயமான விசாரணைக்கான உரிமையையும் குடும்ப வாழ்வுக்கான உரிமையையும் மீறியது என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் விதிகள் மாறின. இந்தத் தீர்ப்பு நம் ஊர்க் குழுவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேல்முறையீட்டில் வாதமாக வைக்க இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைப்பது அரிது.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு. 2017-இல் குருகிராம் பள்ளியில் நடந்த கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட சிறுவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையையும் உளவியல் அறிக்கையையும் நகலாகத் தராமல், சிறிது நேரம் பார்வையிட மட்டும் விட்டார்கள். காரணமாகச் சொன்னது ரகசியம். பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் சிறுவனின் தரப்புக்குப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்று, அவனைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்ற மதிப்பீட்டைப் புதிதாகச் செய்ய 2018-இல் உத்தரவிட்டது. புதிதாகச் செய்ய வேண்டும் என்பதை 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

முதலில் எதைக் கேட்பது?

ஆணை நகலை. மற்றதெல்லாம் பிறகு.

குழுவின் ஆணையை எதிர்த்துக் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 101-ஆம் பிரிவு தரும் காலம் 30 நாள். அந்த 30 நாள் எண்ணப்படுவது ஆணையின் தேதியிலிருந்து. நகல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம்; அந்தக் காரணத்தை நிரூபிக்க, நகல் கேட்டு நீங்கள் கொடுத்த மனுவின் தேதி முத்திரைதான் உதவும். "அடுத்த வாரம் வாங்க" என்று மூன்று முறை வாயால் சொல்லி அனுப்பப்பட்டவருக்கு, அந்த மூன்று வாரமும் சட்டத்தின் கணக்கில் கழிந்துவிடும். எதையும் எழுதிக் கொடுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

வளர்ப்புப் பராமரிப்பு (பிள்ளையை வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர்க்கக் கொடுப்பது), நிதி ஆதரவு தொடர்பான முடிவுகளுக்கு மட்டும் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.

மனு எப்படி எழுத வேண்டும்?

வெள்ளைத் தாளில், தமிழில், கையால் எழுதினாலும் போதும். இப்படி:

"பெறுநர்: தலைவர், குழந்தைகள் நலக் குழு, ______ மாவட்டம்.
பொருள்: ஆணை நகலும் அறிக்கைகளும் கோருதல்.
ஐயா / அம்மா,
______ தேதியில் தங்கள் குழுவின் முன் நிறுத்தப்பட்ட ______ (வயது __) என் மகள் / மகன். கீழ்க்கண்டவற்றின் சான்றிட்ட நகலைத் தரக் கோருகிறேன்: 1. இதுவரை பிறப்பிக்கப்பட்ட அனைத்து ஆணைகள். 2. முன்னிலைப்படுத்தல் அறிக்கை. 3. சமூக விசாரணை அறிக்கை. 4. தனிநபர் பராமரிப்புத் திட்டம்.
இவற்றில் எதையேனும் நகலாகத் தர இயலாது எனக் குழு கருதினால், இளைஞர் நீதிச் சட்டம் 99-ஆம் பிரிவின்படி அதன் சாரத்தை எழுத்தில் தெரிவித்து, என் தரப்புச் சாட்சியத்தை அளிக்க வாய்ப்பளிக்குமாறும், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருமாறும் வேண்டுகிறேன்."

இரண்டு படி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) பதிவும் ஒப்புகையும் கேட்டு அனுப்புங்கள். உங்கள் ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது குடும்ப அட்டை நகல் சேர்க்க வேண்டும்; கேட்பவர் பெற்றோர்தானா என்று அவர்கள் சரிபார்ப்பது நியாயமே, பிள்ளையின் பாதுகாப்புக்கும் அது தேவை.

கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். "எல்லாம் கொடு, இல்லையென்றால் மாட்டேன் என்று சொல்" என்ற இரண்டு வழிக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்றை அது திறந்துவைக்கிறது. பெரும்பாலான குழுவினர் கெட்ட எண்ணத்தில் மறுப்பதில்லை. கொடுத்தால் நமக்குச் சிக்கல் வருமோ என்ற அச்சத்தில் மறுக்கிறார்கள். சட்டப் பிரிவைச் சுட்டும் மனு அந்த அச்சத்தைக் குறைக்கும்.

மனுவுக்குப் பதிலே இல்லை. அடுத்து யாரிடம் போவது?

மாவட்ட ஆட்சியர். குழுவின் செயல்பாடு பற்றிய குறைகளை விசாரிக்கும் அதிகாரி அவர்தான் என்று இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. குழந்தையோ, குழந்தையோடு தொடர்புடைய யாருமோ புகார் தரலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, ஆனால் மனுவில் "இளைஞர் நீதிச் சட்டம் 27-ஆம் பிரிவின் கீழ்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பட்டா மனுக்களோடு சேர்ந்து, எந்தக் குழுவின் மீது புகாரோ அந்த அலுவலகத்துக்கே திரும்பிப் போகும்.

தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடமும் முறையிடலாம். விசாரணையின்போது ஆவணங்களை வரவழைக்க அதற்குச் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. ஆணையே சட்டவிரோதம் என்றால் உயர் நீதிமன்றத்தில் 102-ஆம் பிரிவின் கீழ் சீராய்வு. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன?

கேட்கலாம், ஆனால் முதல் வழியாக வேண்டாம். குழுவிடம் நேரடி மனுப் போட்டு, அது பலிக்காதபோது இரண்டாவதாகப் போடுங்கள். காரணம், 2005 சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவு தனிநபர் தகவலை மறுக்க இடம் தருகிறது. முன்பு பொது நலன் இருந்தால் தரலாம் என்ற வாசகம் அந்த உட்பிரிவுக்குள்ளேயே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை நீக்கிவிட்டது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்னமும் 8(2) இருக்கிறது: பாதிப்பைவிடப் பொது நலன் பெரிதாக இருந்தால் தகவல் தரலாம். 10-ஆம் பிரிவும் இருக்கிறது: தரக்கூடாத பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். இந்த இரண்டையும் மனுவிலேயே எழுதுங்கள்.

இந்தச் சட்டம் நன்றாகப் பயன்படுவது வேறு வகைக் கேள்விகளுக்கு. என் மனு எந்தத் தேதியில் பெறப்பட்டது, அதன் மீது என்ன நடவடிக்கை, சமூக விசாரணைக்கு உத்தரவிட்ட தேதி என்ன, அறிக்கை வந்த தேதி என்ன. சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும், முதன்முதல் முன்னிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை வர வேண்டும் என்பது 36-ஆம் பிரிவு. தேதிகள் யாருடைய அந்தரங்கமும் அல்ல. அவற்றை மறுப்பது கடினம். தாமதத்தைத் தேதிகளே காட்டிக்கொடுக்கும்.

கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. பதிலுக்கு 30 நாள். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு.

எவற்றைத் தரமாட்டார்கள்?

புகார் கொடுத்தவர் யார் என்பதைத் தரமாட்டார்கள். 1098-க்கு அழைத்த அண்டை வீட்டுக்காரரின் பெயர் வெளியே போனால், நாளைக்கு வேறொரு பிள்ளைக்காக ஒருவரும் அழைக்கமாட்டார்கள். மற்றப் பிள்ளைகளைப் பற்றிய பகுதியும் கிடைக்காது. உங்கள் பிள்ளை ஆற்றுப்படுத்துநரிடம் (கவுன்சலரிடம்) தனியாகச் சொன்னதையும் நிறுத்திவைக்கலாம்.

இந்தக் கடைசி விஷயத்தில் பெற்றோருக்குக் கோபம் வருவது புரிகிறது. "என் பிள்ளை சொன்னதை எனக்கு மறைப்பதா?" ஆனால் தந்தை அடித்ததைச் சொன்ன பிள்ளை, நாளை அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். தான் பேசியது வீட்டுக்குப் போய்விடும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. பெற்றோரின் உரிமைக்காக இவ்வளவு எழுதும் நானும், இங்கே பிள்ளையின் பக்கம்தான் நிற்பேன். குழு செய்ய வேண்டியது, அந்த வரிகளை மறைத்துவிட்டு மீதியைத் தருவது. அந்த வரிகளைச் சாக்காக வைத்து முழுக் கோப்பையும் மூடக் கூடாது.

கணவரைப் பிரிந்து வாழ்கிறேன். அப்பாவின் கையெழுத்து இல்லாமல் நகல் தர முடியாது என்கிறார்கள்.

அப்படி ஒரு நிபந்தனை இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லை. தாயும் பெற்றோர்தான். இந்து இளவர் பாதுகாவல் சட்டம் 1956-இல் "தந்தை, அவருக்குப் பின் தாய்" என்று இருப்பதைக் காட்டி மறுக்கும் வழக்கம் உண்டு. அந்தப் "பின்" என்பது தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்படாது, அவர் பொறுப்பில் இல்லாத சூழலையும் குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. குடும்ப நல நீதிமன்றத்தின் ஆணை ஏதேனும் இருந்தால் அதன் நகலை இணையுங்கள்.

மகன் மீது வழக்கு. இளைஞர் நீதிக் குழுமத்தில் எனக்கு என்ன கிடைக்கும்?

இங்கே நிலைமை கொஞ்சம் மேல். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையும் பெற்றோரும் விஷயம் தெரிந்து பங்கேற்பதைக் குழுமம் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. 16 வயது நிறைந்தவர் மீது கொடுங்குற்ற வழக்கு என்றால், சாட்சி வாக்குமூலங்களையும் புலனாய்வு ஆவணங்களையும் முதல் முன்னிறுத்தலிலிருந்து ஒரு மாதத்துக்குள் காவல் அலுவலர் தாக்கல் செய்ய வேண்டும். அவற்றின் நகலைப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தர வேண்டும் என்று மத்திய மாதிரி விதி 10 வெளிப்படையாகச் சொல்கிறது. பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற மதிப்பீடு நடக்கும் முன்பே இந்தக் காகிதங்கள் உங்கள் வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டும்.

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில்?

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு, காவல்துறை இறுதி அறிக்கை தாக்கல் செய்ததும் அதன் ஆவண நகலை மாஜிஸ்திரேட் தர வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 25-ஆம் பிரிவு. புகார் கொடுத்தவர் நீங்கள் என்றால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். குற்றம் சாட்டப்பட்டவரே தந்தை என்றால், அவருக்குக் கிடைப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குரிய ஆவணங்கள் மட்டும். பெற்றோர் என்ற உரிமையில் பிள்ளையின் கோப்பைக் கேட்க விடமாட்டார்கள், விடவும் கூடாது.

மருத்துவக் குறிப்புகள்?

சிகிச்சை தந்த மருத்துவமனையிடம் நேரடியாகக் கேளுங்கள். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அதே விதி மூன்று ஆண்டு வரைதான் குறிப்புகளை வைத்திருக்கச் சொல்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளையைத் தத்துக்கு ஒப்படைத்துவிட்டேன். இப்போது கோப்பைப் பார்க்கலாமா?

ஒப்படைத்த பெற்றோர் மனம் மாற 35-ஆம் பிரிவு இரண்டு மாதம் தருகிறது. அதற்குள் என்றால் உடனே குழுவிடம் போய் எழுத்தில் சொல்லுங்கள். தத்து ஆணை நடைமுறைக்கு வந்த பிறகு சட்ட உறவு முடிந்துவிடுகிறது. கோப்பைக் கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும்.

கிடைத்த அறிக்கையில் பொய் இருக்கிறது. என்ன செய்ய?

"தாய் வேலைக்குப் போவதில்லை", "வீட்டில் கழிப்பறை இல்லை", "தந்தை தினமும் குடிப்பவர்". அக்கம்பக்கத்தில் ஒரே ஒருவரிடம் கேட்டு எழுதிய வரிகள் சில நேரம் அப்படியே ஆணைக்குள் போய்விடும். அறிக்கையைக் கிழித்துப் போட முடியாது, ஆனால் மறுப்பைக் கோப்பில் ஏற்றலாம். எந்தப் பக்கம், எந்த வரி, எது தவறு, அதற்கு என்ன ஆதாரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், பள்ளி ஆசிரியரின் கடிதம், குடிநோய் சிகிச்சை பெற்ற சான்று, நூறு நாள் வேலை அட்டை எல்லாம் ஆதாரம்தான். மறு வீட்டு ஆய்வு கோருங்கள். உண்மையாக இருக்கும் குறையை மறைக்காதீர்கள். அதைச் சரிசெய்ய என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மேற்பார்வையோடு பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்க 37-ஆம் பிரிவில் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

இந்தக் காகிதங்களை உறவினர்களுக்கோ செய்தியாளருக்கோ அனுப்பலாமா?

வேண்டாம். பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பெற்றோருக்கு எதிரான காரணமாகவே குழு எடுத்துக்கொள்ளக்கூடும். வழக்கறிஞருக்குக் காட்டலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அது. தந்தைக்கு வருமான வரம்பு தடையாக இருந்தால் தாயின் பெயரிலோ பிள்ளையின் பெயரிலோ விண்ணப்பம் போடலாம். தொலைபேசி எண் 15100. போகும்போது முத்திரையிட்ட மனு நகலும், ஆணை கிடைத்திருந்தால் அதன் தேதியும் கையில் இருக்கட்டும். 30 நாளில் எத்தனை நாள் மிச்சம் என்பதுதான் அங்கே உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வியாக இருக்கும்.